பிஞ்சு உயிர்களைக் காத்த பேர்ல் கெண்ட்ரிக்

நூறு ஆண்டுகளுக்கு முன் கக்குவான் இருமல் என்றாலே பெற்றோர் நடுங்கினர். இந்நோய் கண்ட குழந்தை மூச்சுவிட முடியாமல் அடுக்கடுக்காக இருமும். பிறகு காற்றை உள்ளிழுக்கும்போது கூவுவது போன்ற ஒலி எழும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,000 பேர் இந்நோய்க்குப் பலியாயினர். அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் பேர்ல் கெண்ட்ரிக்.

பேர்ல் 1890ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். மூன்று வயதில் அவரையும் கக்குவான் இருமல் தாக்கியது. நல்லவேளையாக உயிர் பிழைத்தார். வளர்ந்து பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர் கிருமியியலில் நாட்டம் கொண்டு மிச்சிகன் மாநிலச் சுகாதாரத் துறையில் சேர்ந்தார். 1926இல் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரிலிருந்த ஆய்வுக்கூடத்தின் தலைவரானார்.

1932ஆம் ஆண்டு அந்நகரில் கக்குவான் இருமல் வேகமாகப் பரவியது. அது பொருளியல் மந்தநிலை நிலவிய காலம். ஆய்வுக்குப் போதிய பணம் இல்லை. ஆயினும் பேர்ல், தம்முடன் பணியாற்றிய கிரேஸ் எல்டரிங்குடன் சேர்ந்து ஆய்வைத் தொடங்கினார். பகலில் ஆய்வுக்கூடத்தின் அன்றாட வேலைகளை முடித்துவிட்டு, மாலையில் இருவரும் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்றனர். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், குழந்தையின் வாய்க்கு முன்னால் கிருமி வளர்ப்புத் தட்டைப் பிடித்து, இருமச் செய்து கிருமிகளைச் சேகரித்தனர். வேலையிழந்த தந்தையரின் கவலையையும் தாய்மாரின் கண்ணீரையும் அவ்வீடுகளில் அவர்கள் கண்டனர்.

சேகரித்த கிருமிகளை வளர்த்து, கொன்று, அவற்றிலிருந்து தடுப்பூசியைத் தயாரித்தனர். அது பாதுகாப்பானதா என்று அறிய முதலில் தங்களுக்கே போட்டுப் பார்த்தனர். 1934இல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினர். தடுப்பூசி போட்ட 712 குழந்தைகளுள் நால்வருக்கு மட்டுமே நோய் கண்டது. போடாத 880 பேருள் 45 பேருக்கு நோய் கண்டது. இம்முடிவை ஐயுற்ற வல்லுநர்களும் இருந்தனர். பேர்ல் சினம் கொள்ளவில்லை. அவர்கள் கூறிய திருத்தங்களை ஏற்று, மேலும் பல குழந்தைகளைச் சேர்த்து ஆய்வை விரிவுபடுத்தினார். தடுப்பூசியின் பயன் மீண்டும் உறுதியானது. 1940களில் லோனி கார்டன் என்ற ஆய்வாளரும் இக்குழுவில் இணைந்து, தடுப்பூசியின் தரத்தை உயர்த்த உதவினார். தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்துகளுடன் இதனையும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடும் முறையும் உருவானது. கக்குவான் இருமல் வெகுவாகக் குறைந்தது. பேர்ல் 1980ஆம் ஆண்டு, தமது 90ஆம் வயதில் காலமானார்.

ஆனால் அவர் எதிர்த்துப் போராடிய நோய் முற்றிலும் மறையவில்லை. 2012இல் அமெரிக்காவில் 48,000க்கும் மேற்பட்டோரை அது தாக்கியது. தடுப்பூசி தரும் பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதே இதற்கு ஒரு முக்கியக் காரணம். 1990களில் பல நாடுகளுக்கு வந்த புதிய வகைத் தடுப்பூசியால் காய்ச்சல் முதலிய பக்கவிளைவுகள் குறைவு. எனினும் அதன் பாதுகாப்பு விரைவில் தேய்கிறது. பாதுகாப்பு குறைந்த பெரியவருக்கு வெறும் இருமலாகத் தோன்றும் நோய், வீட்டிலுள்ள கைக்குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடலாம்.

அதனால்தான் சிங்கப்பூரில் இத்தடுப்பூசி ஒருமுறையோடு முடிவதில்லை. செம்பவாங் போன்ற வட்டாரங்களின் பலதுறை மருந்தகங்களில் குழந்தைகளுக்கு 2, 4, 6, 18 மாதங்களில் இது போடப்படுகிறது. 10 அல்லது 11 வயதில் மாணவர்கள் மீண்டும் ஊசி போட்டுக்கொள்கின்றனர். கருவுற்ற தாய்மாருக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது; தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பாற்றல், பிறக்கும் குழந்தையை முதல் சில மாதங்கள் காக்கிறது. ஒருவர் உரிய காலத்தில் போட்டுக்கொள்ளும் ஊசி, இன்னும் ஊசி போடும் வயதை எட்டாத குழந்தைக்கும் அரணாகிறது. பேர்ல் கெண்ட்ரிக் விளக்கொளியில் தொடங்கிய பணியை இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையும் தொடர வேண்டியுள்ளது.