ஆலையில் அறம் வளர்த்த ஓவன்

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை இங்கிலாந்து நாட்டில் நூல் நூற்றல் வீட்டுத் தொழிலாகவே இருந்தது. மகளிர் அடுப்பின் அருகே இராட்டையை இட்டு நூற்பர். ஆடவர் அந்நூலைத் தறியில் ஏற்றி நெய்வர். சிறுவர் பஞ்சினை ஒழுங்கு செய்து கொடுப்பர். ஓர் இராட்டையில் ஓர் இழையே ஓடும். ஆதலின் நாள் முழுதும் உழைத்தாலும் கிடைக்கும் நூல் சிறிதே. ஆயினும், எப்பொழுது உழைப்பது, எப்பொழுது ஓய்வது என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்தது.

1760ஐ அடுத்த ஆண்டுகளில் இந்நிலை மாறத் தொடங்கியது. ஹார்கிரீவ்ஸ் என்னும் நெசவாளர் ஒரே சக்கரத்தால் பல கதிர்களைச் சுழற்றும் பொறியை அமைத்தார். ஆர்க்ரைட் என்பவர் 1769ஆம் ஆண்டில் உரிமை பெற்ற நூற்பொறி, பின்னர் ஆற்று நீரின் விசையால் இயங்கலாயிற்று. இவ்விரண்டின் சிறப்புகளையும் ஒன்றாக்கி, மெல்லிய நூலையும் உறுதியாக நூற்க வல்ல பொறியைக் கிராம்ப்டன் என்பவர் 1779ஆம் ஆண்டில் உருவாக்கினார். ஜேம்ஸ் வாட் திருத்தியமைத்த நீராவிப் பொறியும் இவற்றோடு சேர்ந்தது.

இப்பெரும் பொறிகளைக் குடிசையில் வைத்தல் இயலுமோ? அவற்றிற்கென ஆற்றங்கரைகளில் பல மாடிகள் கொண்ட ஆலைகள் எழுந்தன. வீட்டில் இருந்த வேலை ஆலைக்குச் சென்றது. வேலையைத் தொடர்ந்து மக்களும் சென்றனர். அவர்தம் காலத்தை இப்பொழுது ஆலையின் மணி அளந்தது. அறுந்த இழைகளை முடியவும், பொறிகளின் அடியில் நுழைந்து சிதறிய பஞ்சினைத் திரட்டவும் சிறு கைகள் ஏற்றவையாக இருந்தன. அதனால் குழந்தைகள் பலர் விடியுமுன் எழுந்து ஆலைக்கு ஓடினர். துணி மலை மலையாகக் குவிந்தது; செல்வமும் குவிந்தது. ஆனால், அத்துணியை ஆக்கித் தந்தவர் வாழ்வு என்ன ஆயிற்று? இவ்வினாவை ஆலை முதலாளி ஒருவரே எழுப்பினார். விடையும் காண முயன்றார். அவரே இராபர்ட் ஓவன்.

ஓவன் 1771ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் நியூட்டவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்து விற்பவர். இரும்புப் பொருள்களும் விற்று வந்தார். ஓவன் கல்வியில் விரைவு மிக்கவர். ஏழு வயதிலேயே தம்மினும் இளைய மாணவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆசிரியருக்குத் துணை நின்றார். அவரது பள்ளிக் கல்வி ஏறத்தாழப் பத்து வயதோடு முடிந்தது. தந்தை கொடுத்த நாற்பது ஷில்லிங்கோடு இலண்டனில் இருந்த தமையனிடம் சென்றார். அங்கிருந்து ஸ்டாம்போர்டு என்னும் ஊரில் இருந்த துணிக்கடை ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கடைக்காரர் நேர்மையானவர், அவருடைய வீட்டில் நூல்களும் நிறைய இருந்தன. பகலில் துணியின் தரம் அறியும் திறத்தைக் கற்றார் ஓவன். ஓய்வு கிடைத்த போதெல்லாம் நூல்களைக் கற்றார்.

பின்னர் அவர் மான்செஸ்டர் நகரை அடைந்தார். பருத்தித் தொழிலுக்கு அந்நகரமே நடுவிடம். நூற்கும் பொறிகளைச் செய்யத் தெரிந்த ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து தொழில் நடத்த எண்ணி, தமையனிடம் நூறு பவுன் கடன் வாங்கினார். அக்கூட்டு நீடிக்கவில்லை. தம் பங்காகப் பெற்ற மூன்று பொறிகளையும் மூன்று தொழிலாளரையும் கொண்டு தாமே நூற்கத் தொடங்கினார். நல்ல ஊதியமும் கண்டார்.

அந்நாளில் டிரிங்வாட்டர் என்னும் செல்வர் தம் ஆலைக்கு மேலாளர் ஒருவரைத் தேடினார். அந்த ஆலையில் ஆடவர், மகளிர், சிறுவர் என ஐந்நூறு பேர் வேலை செய்தனர். இருபது வயதளவே நிரம்பிய ஓவன் துணிந்து சென்று அப்பதவியைக் கேட்டார். ஆண்டுக்கு முந்நூறு பவுன் ஊதியமும் வேண்டினார். முதலாளி வியந்தார். தாம் அப்பொழுதே அவ்வளவு ஈட்டி வருவதைக் கணக்குகளைக் காட்டி மெய்ப்பித்து வேலையைப் பெற்றார் ஓவன். முதல் ஆறு வாரம் அவர் யாருக்கும் கட்டளை இடவில்லை. காலையில் முதல்வராக ஆலைக்குச் செல்வார். இரவில் இறுதியாகத் திரும்புவார். ஒவ்வொரு வேலையையும் உற்று நோக்குவார். பொறி பழுதாகாமல் இருக்க முதலாளிகள் எத்துணைக் கருத்துச் செலுத்துகின்றனர் என்பதை அவர் கண்டார். எண்ணெய் இடுகின்றனர், தூசு துடைக்கின்றனர், தேய்ந்த உறுப்பை உடனே மாற்றுகின்றனர். பொறியை இயக்கும் மனிதரிடமோ அக்கருத்தில் ஒரு சிறு பங்கும் இல்லை. இரும்பைப் பேணுவோர் உயிரைப் பேணாமை அறிவுடைமை ஆகுமா? இக்கேள்வி அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

ஸ்காட்லாந்து நாட்டில் கிளைடு ஆறு அருவியாக விழும் பள்ளத்தாக்கில் நியூ லானார்க் என்னும் ஆலையூர் உண்டு. அதனை அமைத்தவர் டேவிட் டேல் என்னும் வணிகர். ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் 1799ஆம் ஆண்டில் அறுபதாயிரம் பவுன் விலைக்கு அந்த ஆலைகளை வாங்கினர். அவ்வாண்டிலேயே டேலின் மகள் கரோலினை ஓவன் மணந்தார். 1800ஆம் ஆண்டின் முதல் நாளில் ஆலைப் பொறுப்பை ஏற்றார்.

அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ இரண்டாயிரவர். அவருள் ஐந்நூறு பேர் ஏழையர் விடுதிகளிலிருந்து கொண்டு வரப்பட்ட சிறுவர் சிறுமியர். டேல் இரக்கம் உடையவர். அச்சிறார்க்கு நல்ல உணவும் உடையும் அளித்தார். இரவுப் பள்ளியும் நடத்தினார். ஆயினும், காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை ஆலையில் நின்ற குழந்தை, அதன் பின்னர் என்ன கற்கும்? எழுத்துகளைப் பார்க்கும்போதே கண்கள் மூடிக்கொள்ளும். முதியோரிடம் குடியும் களவும் சண்டையும் மலிந்திருந்தன. அவர்களை இயல்பாகவே தீயோர் எனப் பிறர் இகழ்ந்தனர். ஓவன் அவ்வாறு கருதவில்லை. மனிதனின் குணத்தைச் சூழ்நிலையே பெரிதும் ஆக்குகிறது. சூழ்நிலையை மாற்றினால் மனிதனும் மாறுவான் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையை அவர் செயலில் காட்டினார். ஏழையர் விடுதிகளிலிருந்து குழந்தைகளைப் பெறுவதை நிறுத்தினார். பத்து வயது நிரம்பாதவரை ஆலையில் சேர்ப்பதில்லை என விதித்தார். வீடுகளைப் பெரிதாக்கித் தெருக்களைத் தூய்மை செய்தார். அதுவரை தொழிலாளர் சிறு கடைகளில் மட்டமான பொருளை மிகுந்த விலைக்குக் கடனாக வாங்கி வந்தனர். ஓவன் நல்ல பொருள்களை மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்கு விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். அதில் கிடைத்த இலாபத்தைக் கல்விக்குச் செலவிட்டார். நோயுற்றோர்க்கு உதவும் பொருட்டு, ஒவ்வொருவர் கூலியிலும் அறுபதில் ஒரு பங்கு ஒதுக்கும் நிதியும் ஏற்பட்டது.

அடித்தும் வைதும் வேலை வாங்கும் வழக்கத்தை அவர் அறவே ஒழித்தார். அதற்குப் பதிலாக ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கம் கொண்ட சிறு மரத்துண்டு ஒன்று தொங்கவிடப்பட்டது. கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நிறம் உடையது. முந்திய நாள் நடத்தை மிக நன்றாயின் வெள்ளை நிறம் முன்னே தெரியும். தீயதாயின் கறுப்பு தெரியும். மேற்பார்வையாளர் நிறத்தைத் தவறாகக் காட்டினார் எனக் கருதுவோர் ஓவனிடம் நேரே முறையிடலாம். தொடக்கத்தில் கறுப்பே மிகுதியாக இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளும் வெள்ளையும் மிகுந்தன.

எனினும், தொழிலாளர் அவரை எளிதில் நம்பவில்லை. அயல் நாட்டிலிருந்து வந்த முதலாளி தம்மிடம் மேலும் வேலை வாங்கவே சூழ்ச்சி செய்கிறார் என்று ஐயுற்றனர். அந்த ஐயத்தை ஒரு நெருக்கடி நீக்கியது. அமெரிக்கா ஏற்றுமதியைத் தடை செய்தமையால் பருத்தியின் விலை அளவு கடந்து ஏறிற்று. பல முதலாளிகள் ஆலையை மூடித் தொழிலாளரை வெளியே அனுப்பினர். ஓவனும் பொறிகளை நிறுத்தினார். ஆனால் ஒருவரையும் நீக்கவில்லை. பொறிகளைத் தூய்மையாக வைத்திருக்கும் வேலையை மட்டும் கொடுத்து, நான்கு மாதங்களுக்கும் முழுக் கூலியை வழங்கினார். அதற்கு ஏழாயிரம் பவுனுக்கு மேல் செலவாயிற்று. அன்று முதல் நியூ லானார்க் மக்கள் அவரைத் தம்மவராகக் கொண்டனர்.

ஊரார் நம்பினர், கூட்டாளிகள் நம்பவில்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் பணம் செலவிடுதல் வீண் என்று அவர்கள் எண்ணினர். பூசல் முற்றி, 1813ஆம் ஆண்டில் ஆலை ஏலத்திற்கு வந்தது. ஓவன் இதற்குள் புதிய கூட்டாளிகளைத் தேடி வைத்திருந்தார். பெந்தாம் என்னும் பேரறிஞரும் அவருள் ஒருவர். நூற்றுக்கு ஐந்து வீதம் ஆதாயமே போதும், எஞ்சியதைத் தொழிலாளர் நலத்திற்குச் செலவிடலாம் என அவர்கள் இசைந்தனர். 1,14,100 பவுனுக்கு ஓவன் ஆலையை மீட்டார். அவர் திரும்பி வந்தபோது மக்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை இழுத்துச் சென்றனர்.

1816ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் நெடுநாள் விரும்பிய கல்விக்கூடம் திறக்கப்பெற்றது. நடை பயிலும் குழந்தைகளுக்கும் அங்கே இடம் இருந்தது. அவர்களைப் பேணப் பெரும் புலவரை ஓவன் தேடவில்லை. குழந்தைகளிடம் அன்பும் அளவற்ற பொறுமையும் உடைய புக்கானன் என்னும் எளிய நெசவாளரையும், பதினேழு வயது மங்கை ஒருத்தியையும் அமர்த்தினார். அடித்தல் இல்லை, கடுஞ்சொல் இல்லை. பாட்டும் ஆடலும், படங்களும் நிலப்படங்களும் கல்விக்குக் கருவிகள் ஆயின. மாலையில் பெரியோரும் அங்கே வந்து கற்றனர். ஆலையின் வேலை நேரமும் குறைந்தது. பன்னிரண்டு மணி நேரத்தில் உணவுக்கென ஒன்றேகால் மணி போகப் பத்தே முக்கால் மணி நேரமே உழைப்பு. அப்பொழுதும் ஆலை இலாபத்துடனே நடந்தது. இவ்வியப்பைக் காணப் பல நாட்டினரும் வந்தனர். பின்னாளில் உருசியப் பேரரசரான நிக்கோலசும் அவருள் ஒருவர்.

ஓர் ஊரில் நடந்த நன்மை நாடெங்கும் நடக்கவேண்டும் என ஓவன் விழைந்தார். பத்து வயதுக்கு உட்பட்டோர் ஆலையில் வேலை செய்தல் கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் நாளொன்றுக்குப் பத்தரை மணி நேரத்திற்குமேல் உழைத்தல் கூடாது. இவற்றைக் கண்காணிக்க அலுவலர் வேண்டும் என்று 1815ஆம் ஆண்டில் திட்டம் வகுத்தார். ஆலை முதலாளிகள் கடுமையாக எதிர்த்தனர். பாராளுமன்றம் நான்கு ஆண்டுகள் காலம் தாழ்த்தியது. 1819ஆம் ஆண்டில் பிறந்த சட்டம், பருத்தி ஆலைகளில் ஒன்பது வயதுக்கு உட்பட்டோரை மட்டும் விலக்கியது; பதினாறு வயதுக்கு உட்பட்டோர்க்குப் பன்னிரண்டு மணி நேரம் என வரையறுத்தது. கண்காணிப்போர் எவரும் இல்லாமையால் அதுவும் ஏட்டளவில் நின்றது. ஓவன் மனம் வருந்தினார்.

பழைய சமுதாயத்தைத் திருத்துவதினும் புதிய சமுதாயம் ஒன்றைப் படைப்பதே எளிது என அவர் எண்ணலானார். 1825ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் ஓர் ஊரையே விலைக்கு வாங்கி நியூ ஹார்மனி எனப் பெயரிட்டார். எல்லாரும் கூடி உழைத்துக் கூடி நுகரவேண்டும் என்பது அவர் நோக்கம். பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். ஆனால் உழைக்க வல்லாரினும் உரையாட வல்லாரே அவருள் மிகுதி. மூன்று ஆண்டுகளுக்குள் அம்முயற்சி சிதைந்தது. ஓவனுடைய செல்வத்தில் பெரும்பகுதியும் அதனோடு அழிந்தது. தாயகம் திரும்பியவர் தொழிலாளரின் தலைவரானார். 1834ஆம் ஆண்டில் அமைந்த பெருந் தொழிற்சங்கத்திற்கு ஊக்கம் அளித்தார். அதுவும் அவ்வாண்டிலேயே தளர்ந்தது.

ஓவனிடம் ஒரு குறை இருந்தது. நியூ லானார்க்கில் நன்மை எது என்பதை அவரே முடிவு செய்தார். மக்கள் அதனைப் பெற்றுக்கொண்டனர். தம் நன்மையைத் தாமே ஆளும் உரிமை அவர்களுக்கு அங்கே இல்லை. அக்குறையை நிறைவு செய்தவர் எளிய தொழிலாளரே. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இராச்டேல் என்னும் ஊரில் நெசவாளரும் பிற தொழிலாளருமான இருபத்தெட்டுப் பேர் இருபத்தெட்டுப் பவுன் முதலோடு சிறு கடை ஒன்றைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பொருள்களே அங்கிருந்தன. எடை குறையாது, கலப்படம் இராது. இலாபம், வாங்கியவருக்கே அவர் வாங்கிய அளவுக்கு ஏற்பத் திரும்பி வரும். செல்வர்க்கும் வறியவர்க்கும் வாக்கு ஒன்றே. ஓவனின் கொள்கையால் கிளர்ச்சி பெற்றவர் பலர் அவர்களுள் இருந்தனர். அச்சிறு கடையே உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு வழிகாட்டி ஆயிற்று. 1904ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுச் சங்கமும் அவ்வழியைப் பின்பற்றியதே ஆகும்.

சட்டமும் மெல்ல மெல்ல முன்னேறியது. 1833ஆம் ஆண்டில் ஆலைகளைக் கண்காணிக்கும் அலுவலர் அமர்த்தப்பெற்றனர். 1847ஆம் ஆண்டில் மகளிர்க்கும் இளைஞர்க்கும் பத்து மணி நேர வேலை சட்டமாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓவன் கேட்டதற்கு அது மிக அண்மையது.

முதுமையில் ஓவன் தாம் பிறந்த நியூட்டவுனுக்கே திரும்பினார். 1858ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் அங்கே உயிர் நீத்தார். பெற்றோர் துயிலும் இடத்தின் அருகிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. நியூ லானார்க் ஆலை 1968ஆம் ஆண்டு வரை நூல் நூற்றது. 2001ஆம் ஆண்டில் அவ்வூர் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது.

பொறியைக் கண்டறிந்தோர் பலர். அவர்கள் மனிதனின் கைக்கு வலிமை தந்தனர். அவ்வலிமையால் விளையும் பயன் யாரைச் சேரவேண்டும் என்பதை எந்தப் பொறியும் சொல்லாது. மனிதரே முடிவு செய்யவேண்டும். அம்முடிவு அறத்தோடு பொருந்தினால் ஆலை நலிவடையாது, செழிக்கும் என்பதை ஓவன் ஓர் ஊரில் செய்து காட்டினார். அவர் கட்ட விரும்பிய புதிய உலகம் எழவில்லை. ஆனால் குழந்தையின் இடம் ஆலை அன்று, பள்ளியே என்னும் உண்மையை உலகம் ஏற்கும்படி செய்தவருள் அவர் முன் நின்றார். அதுவே அவர் பெற்ற வெற்றி.