தரையில் போர் நடத்திய வெல்ஸ்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடியிருக்கீங்களா? மேஜையில் கட்டம் போட்ட மேப், அதன் மேல குட்டிக் குட்டி வீரர்கள். இந்தப் பழக்கத்தின் வேரைத் தேடிப் போனா, 'டைம் மெஷின்' எழுதிய எச்.ஜி. வெல்ஸ் வீட்டுத் தரையில போய் நிற்போம்!

1866-ல் இங்கிலாந்தின் ப்ரோம்லியில் பிறந்தவர். அப்பாவுக்குச் சின்னப் பீங்கான் கடை, வருமானம் பத்தலை. பையனை ஜவுளிக்கடைக்கு வேலை பழக அனுப்பினாங்க. அவருக்கு அது பிடிக்கவே இல்லை. உதவித்தொகை வாங்கி லண்டன் போய், ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். நம்ம பாஷையில சொன்னா, ஜியாலஜியில் அரியர்! பட்டம் இல்லாமல் வெளியே வந்து, 1890-ல்தான் பி.எஸ்சி. முடித்தார். 1895-ல் 'டைம் மெஷின்' வந்தது. அப்புறம் உலகப் புகழ்.

வீட்டில் இரண்டு பையன்கள். அவர்களோடு தரையில் விளையாடியதை 1911-ல் புத்தகமாக்கினார். நண்பர்களும் சேர்ந்துக்க, 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' வந்தது. மரக்கட்டைகள்தான் வீடுகள், குச்சிகள்தான் மரங்கள். காலாள் ஒரு தடவைக்கு ஒரு அடி நகரலாம், குதிரைவீரன் இரண்டு அடி. யோசிக்க நேரக் கட்டுப்பாடு உண்டு. சுடுவதற்குத் தாயக்கட்டை கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மை பீரங்கியால் நிஜமாவே குறி பார்த்துச் சுடணும். விழுந்த வீரன் அவுட்.

இவ்வளவு ரசித்தவர் போரை வெறுத்தவர். சண்டை போடும் ஆசையை இந்தப் பொம்மைகளோடு தீர்த்துக்கலாமே, நிஜப் போர் வெறும் முட்டாள்தனம் என்றுதான் புத்தகத்தை முடிக்கிறார்.

யாரும் கேட்கலை. அடுத்த வருஷமே முதல் உலகப் போர். இதோடு போர்களே ஒழியும் என்று நம்பி எழுதினார், அதுவும் பொய்த்தது. அதே 1914-ல் வந்த நாவலில் அணுகுண்டைக் கற்பனை செய்திருந்தார். 1945-ல் ஹிரோஷிமாவில் அது நிஜமானபோது அவருக்கு 78 வயது. அடுத்த ஆகஸ்டில் இறந்துபோனார்.

விளையாட்டு மட்டும் பிழைத்தது. பொம்மைப் போர் விளையாடிய அமெரிக்க ரசிகர்களான கைகாக்ஸும் ஆர்னசனும் 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த தடவை உங்க மினியேச்சர் மேப்பில் செத்து விழுந்தா, தூசி தட்டி டப்பாவில் வைங்க. நாளைக்கு மறுபடி எழுந்து சண்டைக்கு வரும். வெல்ஸ் ஆசைப்பட்டதும் இதுதான்: சாகிறது பொம்மையா மட்டும் இருக்கட்டும்.