கைகழுவச் சொன்ன வைத்தியர்

சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள் என்று முதலாம் தரத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இதே அறிவுரையைப் படித்த வைத்தியர்களுக்குச் சொன்னதால் ஏளனத்துக்கு ஆளானவர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

இவர் 1818 ஜூலை 1 ஆம் திகதி ஹங்கேரியின் புடா நகரில் ஒரு பலசரக்கு வியாபாரியின் மகனாகப் பிறந்தார். முதலில் சட்டம் படித்து, பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். 1846 இல் ஒஸ்திரியாவின் வியன்னா பொது வைத்தியசாலையில் பிரசவப் பிரிவில் உதவி வைத்தியரானார்.

அங்கே இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. வைத்தியர்களும் மாணவர்களும் பணியாற்றிய முதலாம் விடுதியில் அவ்வருடம் நூறு தாய்மாரில் 11 பேரளவில் இறந்தனர். மருத்துவிச்சிகள் பணியாற்றிய இரண்டாம் விடுதியில் இறந்தவர்கள் 3 பேரளவில்தான். முதலாம் விடுதியில் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் அழுது மன்றாடினார்கள். காரணம் தெரியாமல் செம்மல்வைஸ் தவித்தார்.

1847 இல் அவரது நண்பர் கொலெச்கா, பிரேத பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி பட்டு, காய்ச்சல் கண்டு இறந்தார். அந்த உடலில் காணப்பட்டவை, இறந்த தாய்மாரின் உடலில் காணப்பட்டவற்றையே ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கியது. வைத்தியர்களும் மாணவர்களும் பிரேதங்களைத் தொட்ட கைகளோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். மருத்துவிச்சிகளோ பிரேத பரிசோதனை செய்வதில்லை. தன் கைகளாலும் எத்தனை தாய்மார் மரணித்தார்களோ, அதை இறைவனே அறிவான் என்று அவர் பின்னாளில் வருந்தினார்.

அந்த மே மாதம் முதல், வெளிற்றும் தூள் கரைத்த நீரில் கைகழுவாமல் எவரும் விடுதிக்குள் நுழையக் கூடாது என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த மரணம் ஜூனில் 2 சதவீதமளவுக்குக் குறைந்தது.

ஆயினும் தங்கள் கைகளே நோயைச் சுமந்தன என்பதை ஏற்கப் பல வைத்தியர்களின் மனம் இடங்கொடுக்கவில்லை. கிருமிகளே நோயைப் பரப்புகின்றன என்ற கருத்து அப்போது பரவலாக ஏற்கப்பட்டிருக்கவுமில்லை. 1849 இல் அவரது பதவி நீடிக்கப்படவில்லை. சொந்த நாடு திரும்பி, பெஸ்ட் நகரிலும் இதே முறையால் தாய்மாரைக் காத்தார். ஆனால் தன் கண்டுபிடிப்பை விளக்கும் நூலை 1861 இல்தான் வெளியிட்டார். மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கமாகச் சாடியதால் எதிர்ப்பு மேலும் வளர்ந்தது. மனம் நொந்து நோயுற்ற அவர் 1865 ஆகஸ்ட் 13 ஆம் திகதி, 47 ஆவது வயதில், மனநோயாளர் இல்லமொன்றில் காயத்தில் ஏற்பட்ட தொற்றினால் காலமானார். பாஸ்டர், லிஸ்டர் ஆகியோரின் ஆய்வுகள் வந்த பின்னரே உலகம் அவரை ஏற்றது.

சகோதரிகளே, நாம் தினமும் ஐவேளை வுழூச் செய்பவர்கள். கைகளைக் கழுவியே அதை ஆரம்பிக்கிறோம். அந்தப் பழக்கம் சாப்பாட்டு நேரத்திலும் கழிவறைக்குச் சென்று வந்த பின்னரும் சவர்க்காரத்தோடு தொடரட்டும். வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்கும் இதைக் கற்றுக்கொடுப்போம். அதட்டிச் சொல்லாமல், ஏன் கழுவ வேண்டும் என்று அன்போடு விளக்கிச் சொல்வோம். செம்மல்வைஸின் வெற்றியிலும் தோல்வியிலும் நமக்குள்ள பாடம் அதுவே.