மூளையின் சித்திரக்காரர்

ஸ்பெயின் தேசத்திலே பெத்தில்லா தெ அரகோன் என்னும் மலைக்கிராமத்தில், 1852ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் தேதி, சாந்தியாகோ இராமோன் கஹால் பிறந்தார். தந்தையார் வைத்தியர், வறுமையோடு போராடிக் கற்று உயர்ந்தவர். மைந்தனும் வைத்தியனாதல் வேண்டுமென்பது அவரது சங்கற்பம். மைந்தருக்கோ சித்திரமே உயிர். ஒருநாள், தேவாலயச் சுவருக்கு வெள்ளையடிக்க வந்த ஒருவரிடம் மகனின் படமொன்றைக் காட்டித் தந்தையார் அபிப்பிராயங் கேட்டார். கைத்திறன் சிறிதுமில்லையென அவர் கூறிவிடவே, சித்திரம் அவ்வீட்டில் விலக்கப்பட்டது. தந்தையாரைக் குறை கூறுதல் எளிது. ஆயினும் அத்தகைய தீர்ப்புகள் இன்றும் எத்தனையோ இல்லங்களில் வழங்கப்படுகின்றனவன்றோ!

பள்ளியிற் குழப்படி மிகுந்தமையால் நாவிதரிடமும் சப்பாத்துத் தைப்பவரிடமும் தொழில் பழக விடப்பட்டார். 1868இல் தந்தையாரே அவரைப் பழைய இடுகாடொன்றுக்கு அழைத்துச் சென்று, எலும்புகளைக் கொண்டு உடற்கூறு கற்பித்தார். எலும்பைக் கற்க அதனை வரைய வேண்டியிருந்தது. விலக்கிய கலை வேறு வாயிலால் வீட்டினுட் புகுந்துவிட்டது!

1873இல் சரகோசாவில் வைத்தியப் பட்டம் பெற்றுக் கியூபாவில் இராணுவ வைத்தியராயிருந்து, மலேரியாவால் நலிந்து மீண்டார். மிச்சம்பிடித்த பணத்தில் நுணுக்குக்காட்டியொன்று வாங்கினார்.

இத்தாலியரான காமில்லோ கொல்கி 1873இல் வெளியிட்ட நிறமூட்டும் முறையை 1887இலேதான் கஹால் கண்டார். மூளைத்துண்டைப் பொற்றாசியம் இருகுரோமேற்றில் ஊறவைத்து வெள்ளி நைத்திரேற்றில் இட்டால், மிகச்சில கலங்கள் மாத்திரமே கறுக்கும். அடர்ந்த காட்டில் ஒரு மரம் மட்டும் தனித்துத் தெரிவதுபோல, கலமொன்று கிளைகளெல்லாம் விரியத் தோன்றும். கஹால் இம்முறையைத் திருத்தி, கருக்களினதும் இளங்குஞ்சுகளினதும் இழையங்களை ஆராய்ந்தார். நரம்பு மண்டலம் இடையறாத வலையென்றே கொல்கி கருதினார். அன்று, தனித்தனிக் கலங்களின் கூட்டமே அதுவென்று கஹால் 1888 முதல் எழுதினார். மறு ஆண்டு பேர்லினிலே, பேரறிஞர் கோலிக்கரை நுணுக்குக்காட்டியருகே அழைத்துச் சென்று நேரிற் காட்டி ஏற்கச் செய்தார். 1906இல் நோபெல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, கொல்கி தம் பேருரையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துரைத்தார்! பிற்கால ஆராய்ச்சிகள் கஹாலின் பக்கமே நின்றன.

பார்த்ததைப் பார்த்தபடி அவர் பிரதி செய்தாரல்லர். நெடுநேரம் உற்றுநோக்கிப் பெரும்பாலும் நினைவினின்றே வரைவார். பல கண்ணாடித் தகடுகளிற் கண்டவற்றை ஒரே படத்தில் இணைப்பார். எதனை விடுவது, எதனைக் காட்டுவது என்று தெரிவது சித்திரக்காரரின் கண்ணன்றி வேறென்ன?

1934 ஒக்டோபர் 17இல் மத்ரித் நகரிற் காலமானார். ஏறக்குறைய 2,900 படங்கள் எஞ்சின. 2017இல் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரத்துக் கலைக்கூடமொன்றின் சுவர்களில் அவற்றுள் எண்பது மாட்டப்பட்டன. மனிதச் சிறுமூளையின் புர்க்கின்சே கலமும், கொப்புங் கிளையுமாய், சட்டத்தினுள் அங்கு தொங்கிற்று.