காட்லீப் ஹாபர்லாண்டு

முருங்கைக் கொம்பொன்றை வெட்டி நட்டால் அது வேரூன்றி மரமாதலை நாம் யாவரும் அறிவோம். அக்கொம்பினுள் எண்ணிறந்த உயிரணுக்கள் உள. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து உணவூட்டின், அது தனித்து வாழுமோ? பெருகி முழுச் செடியாகுமோ? இவ்வினாவைச் சோதனையால் ஆராயப் புகுந்தவருள் முதல்வராகப் போற்றப்பெறுபவர் காட்லீப் ஹாபர்லாண்டு என்னும் ஆஸ்திரிய அறிஞர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1854ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28ஆம் நாள் ஹங்கேரி நாட்டு மகியரோவார் நகரில் பிறந்தார். தந்தையார் பிரீட்ரிக், ஐரோப்பாவில் சோயா மொச்சைப் பயிரைப் பரப்ப உழைத்த வேளாண்மைப் பேராசிரியர். மைந்தர் வியன்னாவில் கற்று 1876இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ச் சுவெண்டெனர் என்னும் பேராசிரியரிடம் பயின்று, கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். செடியின் ஒவ்வோர் உறுப்பின் அமைப்பும் அது புரியும் தொழிலுக்கு ஏற்றதே என்று விளக்கி, 1884இல் இவர் வெளியிட்ட தாவர உள்ளமைப்பு நூல் பெரும்புகழ் பெற்றது.

அக்காலத்தே சாக்ஸ், நாப் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர், மண்ணின்றி உப்புக்கரைசலிலேயே செடி வளர்க்கலாம் என்று காட்டியிருந்தனர். கால்சியம் நைட்ரேட்டு, பொட்டாசியம் நைட்ரேட்டு, மெக்னீசியம் சல்பேட்டு, பொட்டாசியம் பாஸ்பேட்டு ஆகியவற்றோடு சிறிது இரும்பும் சேர்ந்ததே நாப் கரைசல். முழுச் செடிக்கு இஃது உணவாயின், தனியணுவிற்கும் ஆகாதோ என ஹாபர்லாண்டு கருதினார். லேமியம் என்னும் செடியின் இலையணுக்களையும், ஆகாயத்தாமரைக் காம்பின் அணுக்களையும் பிறவற்றையும் பிரித்து, அக்கரைசலில் சர்க்கரை முதலியன கலந்து இட்டு வைத்தார்.

அணுக்கள் பல வாரங்கள் உயிர் வாழ்ந்தன, பருத்தன, சில தம்முள் மாப்பொருளைச் சேர்த்து வைத்தன. ஆயின் ஒன்றேனும் இரண்டாகப் பிளந்து பெருகவில்லை. கருதியது கைகூடவில்லை.

பிறராயின் இதனை மறைத்திருத்தல் கூடும். ஹாபர்லாண்டோ கண்டதைக் கண்டவாறே எழுதி, 1902இல் வியன்னா அறிவியற் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். அணு பெருகுதற்கு உப்பும் சர்க்கரையும் போதா. வளர்ச்சியைத் தூண்டும் பொருளும் வேண்டும். விதைக்கருவைச் சூழ்ந்த கருப்பை நீரைச் சேர்த்துப் பார்த்தல் தகும். ஒரு நாள் தனியணுவினின்றே செயற்கைக் கருவை உண்டாக்குதல் இயலும் என்றெல்லாம் அதன்கண் குறித்தார். தோல்வியை மட்டுமன்று, அதனைக் கடக்கும் வழியையும் பின்வருவார்க்கு வைத்துச் சென்றார் என்க.

அவரும் ஓய்ந்தாரல்லர். 1913இல், உருளைக்கிழங்குத் துண்டின் அணுக்கள் பிளத்தற்கு அதன் சாறு செல்லும் குழாய்த் திசுவினின்று வரும் பொருளே தூண்டுதலாதலைக் கண்டார்.

வழி கண்டவர் பின்னர் வந்தனர். 1934இல் உவைட்டு என்பார் தக்காளி வேர்நுனியைக் கரைசலில் இடையறாது வளர்த்தார். 1939இல் அவரும், கோத்ரே, நோபேகூர் என்னும் பிரெஞ்சு அறிஞரும் திசுக்களை எல்லையின்றிப் பெருக்கிக் காட்டினர். 1941இல் வான் ஓவர்பீக்கும் துணைவரும் ஊமத்தையின் இளங்கருக்களைத் தேங்காய் நீரூட்டி வளர்த்தனர். தேங்காய் நீர், கருப்பையினுள்ளே தோன்றும் உணவன்றோ! 1945 ஜனவரி 30இல் ஹாபர்லாண்டு தமது தொண்ணூறாம் வயதில் பெர்லினில் காலமானார்.

1962இல் முராஷிகி, ஸ்கூக் என்னும் இருவர், புகையிலை இலைச்சாறு திசுவை மிக வளர்ப்பதற்குக் காரணம் பெரிதும் அதிலுள்ள உப்புக்களே என்று அறிந்து, லிட்டர் ஒன்றுக்குப் பொட்டாசியம் நைட்ரேட்டு 1.9 கிராமும் அம்மோனியம் நைட்ரேட்டு 1.65 கிராமும் கொண்ட செறிந்த கரைசலை வகுத்தனர். இன்று உலகெங்கும் வாழைக்கன்றும் பூச்செடியும் கண்ணாடிக் குடுவையில் வளர்வது பெரும்பாலும் அதன் துணையாலேயாம். 1965இல் விமலா வாசிலும் ஹில்டெபிராண்டும் தனித்த ஒரு புகையிலை அணுவினின்று முழுச் செடியை எழுப்பினர். 1902இல் எழுந்த வினாவிற்கு அறுபத்துமூன்று ஆண்டுகளின் பின் விடை கிடைத்தது.

கேட்டவர் அதனைக் காண இருந்திலர். எனினும், கைகூடாததை ஒளியாது எழுதி வைத்த அந்நேர்மையே பின்னையோர்க்கு விளக்காயிற்று. சோதனைச்சாலையிற் புகும் மாணவராகிய நாம், வெற்றியை எழுதும் அதே கையால் தோல்வியையும் ஒழுங்குற எழுதி வைக்கக் கற்போமாக.