மிக்கியை வரைந்தவர் யார் தெரியுமா?

மிக்கி மவுஸைத் தெரியாத வீடு நம் குடியிருப்பில் இருக்காது. பிள்ளைகளின் டிபன் பாக்ஸிலும் ஸ்கூல் பையிலும் அவன்தான். ஆனால் ஃபிளாய்ட் காட்ஃப்ரெட்சன் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? 45 ஆண்டுகள் மிக்கியைச் செய்தித்தாளில் வாழவைத்தவர் இவர்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1905 மே 5 அன்று பிறந்தார். சிறுவயதில் வேட்டைக்குப் போன இடத்தில் கையில் பலத்த காயம். வீட்டிலேயே முடங்கிக் கிடந்த நாட்களில் படம் வரையத் தொடங்கினார். தபால் வழியில் கார்ட்டூன் கற்றார். காயம்பட்ட கை என்பதால், தோளிலிருந்து முழுக் கையையும் அசைத்தே வரைவார்.

தியேட்டரில் புரொஜெக்டர் இயக்கியவர், கலிபோர்னியா சென்று, 1929-இல் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் சேர்ந்தார். மறு மாதமே, 1930 ஜனவரியில், திரையில் புகழ்பெற்ற மிக்கி செய்தித்தாள் படக்கதையாகவும் வரத் தொடங்கினான். வரைந்தவர்கள் அடுத்தடுத்து விலகினார்கள். வேறு ஆள் கிடைக்கும்வரை இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளும்படி டிஸ்னி இவரிடம் சொன்னார். சரியாக 25-ஆவது பிறந்தநாளில் இவருடைய முதல் படக்கதை வெளியானது. அந்த இரண்டு வாரம் 1975 அக்டோபர் வரை நீண்டது!

வேலை சுலபமில்லை. திரையில் இசை உண்டு, ஆட்டம் உண்டு. ஏழெட்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். செய்தித்தாளிலோ சத்தமில்லை, அசைவில்லை. நாளுக்குச் சில கட்டங்கள் மட்டுமே. அதனால் மாதக்கணக்கில் ஓடும் சாகசத் தொடர்களை இவர் அமைத்தார். நாளை என்ன ஆகுமோ என்று வாசகர் காத்திருக்க வேண்டும். மிக்கி விமானம் ஓட்டினான், திருடர்களைத் துரத்தினான், பயந்தாலும் பின்வாங்கவில்லை. கறுப்பு அங்கி வில்லன் ஃபேண்டம் பிளாட் 1939-இல் பிறந்தது இந்தத் தொடரில்தான். வசனம் எழுதவும் மை தீட்டவும் வேறு கலைஞர்கள் துணை நின்றார்கள். 1955-இல் தொடர்கதை நின்று, அன்றன்றே முடியும் நகைச்சுவைத் துணுக்காக மாறியது.

இத்தனை ஆண்டுகளும் படக்கதையில் இருந்தது வால்ட் டிஸ்னியின் பெயர் மட்டுமே. வரைந்த கை யாருடையது என்பது வாசகர்களுக்குத் தெரியாது. 1960-களில் சில ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் இவர் பெயர் வெளியே வந்தது. 1986-இல் காலமானார். இன்று அதே படக்கதைகள் இவர் பெயர் தாங்கிய தொகுதிகளாகக் கிடைக்கின்றன.

அடுத்த முறை பிள்ளைகளோடு மிக்கியைப் பார்க்கும்போது, காட்ஃப்ரெட்சன் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.