அன்னையர்க்கு அறிவூட்டிய அன்னை

கல்வி தேடுதல் ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என வகுத்தது இஸ்லாம். அக்கடமையைப் பெண்ணுக்குச் சமுதாயம் மறுத்திருந்த காலத்தில், 1880ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், வங்காளத்தின் ரங்க்பூர் மாவட்டத்துப் பைராபந்து என்னும் சிற்றூரில், நிலக்கிழார் குடும்பத்தில் தோன்றியவர் பேகம் ரொக்கையா.

பன்மொழி அறிந்த தந்தையார், பெண்மக்கள் வங்கமும் ஆங்கிலமும் பயில்வதை விரும்பினாரல்லர். வீடு உறங்கிய பின்னர் விளக்கொளியில் தமையனார் இப்ராஹிம் ஆங்கிலம் கற்பித்தார். தமக்கையார் கரீமுன்னிசா வங்கம் பயிற்றினார். ரொக்கையாவுக்கு வாய்த்த பள்ளி அதுவே.

கணவர் சகாவத் ஹுசைன் மனைவியின் எழுத்தார்வத்தைப் போற்றி வளர்த்தார். 'சுல்தானாவின் கனவு' என்னும் அவரது ஆங்கிலப் புனைவு 1905இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த மகளிர் இதழொன்றில் அரங்கேறியது. ஈன்ற பெண்மக்கள் இருவரும் குழவிப் பருவத்திலேயே மறைந்தனர். 1909இல் கணவரும் மறைந்தார். அவர் பெண்கல்விக்கென ஒதுக்கிய 10,000 ரூபாயைக் கொண்டு பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பள்ளி தொடங்கினார். குடும்பச் சொத்துப் பிணக்கால் அவ்வூரைவிட்டு நீங்கி, 1911 மார்ச் 16இல் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார்.

ஆசிரியைகளைப் பெறுவது அரிதாயிருந்தது. சென்னை, கயா, ஆக்ரா முதலிய தொலைவூர்களிலிருந்து அவர்களை வரவழைத்தார். முஸ்லிம் மகளிர்க்கென ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வேண்டுமென வற்புறுத்தினார். 1919இல் அரசு கல்கத்தாவில் அதனை நிறுவியது.

பள்ளிக்கு வர இயலாத ஏழைக் குழந்தைகளுக்கு யார் கற்பிப்பது? அவர்தம் தாய்மாரே என்பதை ரொக்கையா உணர்ந்திருந்தார். 1916இல் அவர் நிறுவிய 'அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்' என்னும் மகளிர் சங்கத்தின் உறுப்பினர்கள் கல்கத்தாவின் சேரிகளுக்குச் சென்றனர். அங்குள்ள பெண்களுக்கு எழுத்தும் வாசிப்பும், உடல்தூய்மையும் குழந்தை வளர்ப்பும் கற்பித்தனர். வருவாய்க்குத் தையற்கலையும் பயிற்றினர். எழுத்தறிந்த தாய் தன் குடிசையையே பள்ளியாக்குவாள். அவளிடம் பயின்ற மகளும் நாளை ஒரு தாயாவாள்.

ஏச்சும் எதிர்ப்பும் அவரைத் தொடர்ந்தன, பணியோ தளரவில்லை. 1932ஆம் ஆண்டு, பிறந்த அதே டிசம்பர் 9ஆம் நாளில் இறையடி சேர்ந்தார்.

தம் மக்களுக்கு எழுத்தறிவிக்கும் பேறு பெறாத அத்தாய், பிறர் மக்களின் தாயர்க்கு அப்பேற்றை வழங்கிச் சென்றார். எழுத்தறியாத தாய் ஒருத்திக்கேனும் கையெழுத்திடக் கற்பிப்பது, பட்டம் பெறும் ஒவ்வொருவரும் அவருக்குச் செலுத்தவேண்டிய கடனாகும்.